தெரிந்தேதான் போட்டார்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அரபு வம்சாவளியினர் நிறைந்த ஊர் டியர்பார்ன். 2020 ஜனாதிபதி தேர்தலில் அங்கே ஜனநாயகக் கட்சியின் ஜோ பைடன் வாங்கியது கிட்டத்தட்ட 69 சதவீதம். 2024ல் அதே ஊரில் கமலா ஹாரிஸுக்கு விழுந்தது 36. டிரம்புக்கு 42, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு 18. மிச்சிகனில் இருக்கும் தமிழ் முஸ்லிம் என்பதால் ஊரிலிருந்து யார் போன் பண்ணினாலும் நலம் விசாரித்த கையோடு இந்தக் கேள்விதான் வருகிறது. உங்க ஆளுங்களுக்கு என்ன ஆச்சு, முஸ்லிம்களை உள்ளே விடாதேன்னு சொன்ன மனுஷனுக்கேவா போய்ப் போட்டாங்க?

முதலில் இந்த "உங்க ஆளுங்க" என்பதிலேயே ஒரு சிக்கல். நான் கீழக்கரைக்காரன். டியர்பார்னில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தெற்கு லெபனானில் பின்த் ஜுபைல் பக்கத்திலிருந்து வந்த ஷியாக்கள், ஏமன்காரர்கள், 1991 வளைகுடாப் போருக்குப் பிறகு அகதிகளாக வந்த ஈராக்கியர்கள். இதில் ஏமன்காரர்களோடு எங்களுக்குக் கொஞ்சம் ஒட்டுதல் உண்டு; அவர்களில் பலர் எங்களைப் போலவே ஷாஃபி மத்ஹபு (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று), அந்தக் காலத்துக் கப்பல் வியாபாரத்தில் வந்த உறவு. மற்றபடி அரபுக்காரன் வேறு, முஸ்லிம் வேறு. அமெரிக்காவில் அரபு வம்சாவளியினரில் காலங்காலமாகக் கிறிஸ்தவர்கள்தான் அதிகம். அமெரிக்க முஸ்லிம்களில் ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர், அவர்களில் பெரும்பாலோருக்கு எந்த ஊரிலிருந்தும் விசா வாங்கி வர வேண்டிய தேவை இருந்ததில்லை. டிவிக்காரர்கள் இதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி "முஸ்லிம் வாக்கு" என்று எழுதி ஒட்டிவிடுகிறார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்தவரை அவர்கள் யாரும் ஏமாறவில்லை. டிரம்ப் யார் என்று டியர்பார்ன்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 2017 ஜனவரி 27ல் ஏழு நாட்டுக்காரர்களை உள்ளே விடக்கூடாது என்று அவர் கையெழுத்துப் போட்டபோது அந்தப் பட்டியலில் ஏமன், ஈராக், சிரியா மூன்றும் இருந்தன. ஏமனில் தூதரகம் மூடிக் கிடந்ததால் மனைவி பிள்ளைகளை ஜிபூட்டிக்கு அனுப்பி, அங்கே வாடகை அறையில் விசாவுக்காக மாதக்கணக்கில் காக்க வைத்துவிட்டு, இங்கே பெட்ரோல் பங்க்கில் இரவு ஷிஃப்ட் பார்த்துப் பணம் அனுப்பியவர்களை எங்கள் பள்ளிவாசலிலேயே பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் 2024ல் டிரம்புக்குப் போட்டார்கள், தெரிந்தேதான் போட்டார்கள். அந்தக் கணக்கு சரியா தப்பா என்று சண்டை போடலாம், நானே போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கணக்கே போடாத கூட்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

காஸா போரில் பைடன் அரசு இஸ்ரேலுக்குத் துணை நின்றதுதான் 2024 கோபத்துக்குக் காரணம் என்பார்கள். ஆனால் இந்தக் கணக்கு காஸாவோடு தொடங்கியதும் இல்லை. 1973ல் டெட்ராய்ட் கார் ஆலைகளில் வேலை பார்த்த அரபுத் தொழிலாளர்கள், தங்கள் தொழிற்சங்கம் இஸ்ரேல் அரசின் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருப்பதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். டாட்ஜ் மெயின் ஆலையில் லைன் நின்றது. 1984ல் ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி வேட்பாளர் வால்டர் மாண்டேலின் பிரச்சாரக் குழு, அரபு அமெரிக்கர்கள் சிலர் கொடுத்த நன்கொடைக் காசோலைகளை வேண்டாமென்று திருப்பி அனுப்பியது. மறு வருடம் டியர்பார்ன் மேயர் தேர்தலில் மைக்கேல் கைடோ என்பவர் "அரபுப் பிரச்சினை" பற்றிப் பேசுவோம் என்று வீடு வீடாக நோட்டீஸ் போட்டார், ஜெயித்தார், இருபது வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். காசு கொடுத்தால் திரும்பி வருகிறது, குடியிருந்தால் பிரச்சினை என்கிறார்கள். அந்தத் தலைமுறை ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், மிச்சிகன் அவென்யூவில் காபி குடித்துக்கொண்டு இதையெல்லாம் தேதியோடு சொல்வார்கள்.

2000ஆவது வருடக் கதை இன்னும் சுவாரஸ்யம். இப்போது நடந்ததற்கு ஒத்திகை மாதிரி இருக்கும். அப்போது பில் கிளிண்டன் 1996ல் கையெழுத்திட்ட சட்டங்களின் கீழ், குற்றம் சாட்டப்பட்டவருக்கே காட்டாத ரகசிய ஆதாரத்தை வைத்துக் குடியேறிகளை நாடு கடத்த முடிந்தது; மாட்டியவர்களில் பெரும்பாலோர் அரபுக்காரர்கள், முஸ்லிம்கள். அக்டோபரில் நடந்த இரண்டாவது விவாதத்தில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் புஷ் யாரும் எதிர்பார்க்காமல் அந்த ரகசிய ஆதார விஷயத்தை எடுத்து, அரபு அமெரிக்கர்கள் இப்படி நடத்தப்படுவது சரியில்லை என்றார். அவ்வளவுதான். ஒரு ஜனாதிபதி வேட்பாளர் கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் மேடையில் எங்கள் பெயரைச் சொல்லிவிட்டார்! சில நாளில் முக்கியமான முஸ்லிம் அமைப்புகளின் கூட்டமைப்பு புஷ்ஷுக்கு ஆதரவு அறிவித்தது. ஃப்ளோரிடாவில் புஷ் 537 ஓட்டில் ஜெயித்தபோது, அது எங்கள் ஓட்டுத்தான் என்று பலர் மார்தட்டினார்கள்.

அடுத்த வருடம் செப்டம்பர் 11. அதே புஷ், அரசின் கண்காணிப்பு அதிகாரத்தைக் கூட்டும் பேட்ரியாட் சட்டம் கொண்டுவந்தார். 2002ல் சிறப்புப் பதிவு என்று ஒன்று வந்தது: பெரும்பாலும் முஸ்லிம் நாடுகளிலிருந்து வந்த, பதினாறு வயது தாண்டிய ஆண்கள் அலுவலகத்துக்குப் போய்க் கைரேகை கொடுத்துப் பதிய வேண்டும். 80 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போய் நின்றார்கள், 13 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மீது நாடுகடத்தும் நடவடிக்கை தொடங்கியது, பயங்கரவாதி என்று தண்டனை பெற்றவர் ஒருவர்கூட இல்லை. பாகிஸ்தானும் வங்கதேசமும் அந்தப் பட்டியலில் இருந்தன, இந்தியா இல்லை. ஒரே பெயர், ஒரே தொழுகை, பாஸ்போர்ட் நிறம் மட்டும் வேறு. எங்கள் ஊர்க்காரர்கள் தப்பினார்கள், பக்கத்து வீட்டு டாக்காக்காரர் வரிசையில் நின்றார். 2004ல் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் ஜான் கெர்ரிக்குப் போய்விட்டார்கள்.

இதில் கறுப்பின முஸ்லிம்களைக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. 2000ல் குடியேறிகளின் அமைப்புகள் புஷ்ஷை ஆதரித்தபோது அவர்களிடம் யாரும் ஒழுங்காகக் கலந்து பேசவில்லை, அதில் அவர்களுக்கு இன்றும் வருத்தம் உண்டு. இந்த நாட்டில் ஓட்டு என்றால் என்ன, அதை யார் எப்படிப் பிடுங்குவார்கள் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் அவர்கள். காங்கிரசுக்குப் போன முதல் முஸ்லிம் கீத் எலிசன், 2006ல், மின்னசோட்டாவிலிருந்து. அவரும் ஒரு கறுப்பினத்தவர்தான். நம்ம டாக்டர்களும் இன்ஜினியர்களும் புறநகர் பள்ளிவாசலில் உட்கார்ந்துகொண்டு, அதுக்கெல்லாம் எங்களுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டார்கள்.

வந்த நாட்டின் அனுபவமும் கூடவே வருகிறது. 2003 ஏப்ரலில் சதாம் விழுந்தபோது டியர்பார்னில் ஈராக்கிய ஷியாக்கள் தெருவில் இறங்கி ஆடினார்கள், அந்த மாதக் கடைசியில் புஷ்ஷே வந்து அவர்களிடம் பேசினார். அதே தெருவில் கடை வைத்திருக்கும் பாலஸ்தீனரும் லெபனானியரும் அந்தப் போரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். 2005 ஜனவரியில் ஈராக்கில் நடந்த தேர்தலுக்கு இங்கே பக்கத்தில் சவுத்கேட்டில் வாக்குச்சாவடி போட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஈராக்கிய முடிதிருத்துநர் வாழ்க்கையில் முதன்முதலாக உண்மையான ஓட்டுப் போட்டதே அங்கேதான். அமெரிக்கத் தேர்தலில் போட்டது அதற்கு அப்புறம். அவரிடம் போய் உள்நாட்டுக் கொள்கை வேறு, வெளியுறவுக் கொள்கை வேறு, அமெரிக்கர்கள் வெளியுறவை வைத்து ஓட்டுப் போடுவதில்லை என்று விளக்கிப் பாருங்கள். குண்டு விழுவது அவருடைய அத்தை வீட்டில். அவருக்கு அது எந்தக் கணக்கில் வெளியுறவு?

2024 பிரைமரிக்கு, அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலுக்கு வருகிறேன். ஜனவரியில் பைடனின் பிரச்சார மேலாளர் டியர்பார்ன் வந்து தலைவர்களைச் சந்திக்கப் பார்த்தார். மேயர் அப்துல்லா ஹமூத் உட்படப் பலர் மாட்டேன் என்றுவிட்டார்கள். காஸாவில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது ஓட்டுக் கேட்கிறவரை அனுப்பாதே, முடிவெடுக்கிற அதிகாரியை அனுப்பு என்பது அவர்கள் சொன்னது. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது, கொஞ்ச நாளில் வெள்ளை மாளிகையும் அதிகாரிகளையே அனுப்பியது. அப்புறம் பிப்ரவரி 27 பிரைமரி. நம்ம ஊர் நோட்டா மாதிரி மிச்சிகன் பிரைமரிச் சீட்டிலும் "அன்கமிட்டெட்" என்று ஒரு கட்டம் உண்டு. நோட்டாவுக்கு ஓட்டு விழுந்தால் அதோடு சரி, இதில் போதுமான ஓட்டு விழுந்தால் கட்சி மாநாட்டுக்குப் பிரதிநிதி அனுப்பலாம். ஒரு லட்சத்துக்கு மேல் விழுந்தது, மாநில அளவில் 13 சதவீதம், டியர்பார்னில் பைடனையே தாண்டியது. மிச்சிகனுக்கு இரண்டு பிரதிநிதிகள் கிடைத்தார்கள். 2016ல் டிரம்ப் இந்த மாநிலத்தில் ஜெயித்தது வெறும் 10,704 ஓட்டில் என்பதை நினைத்துப் பார்த்தால் ஒரு லட்சம் எவ்வளவு என்று புரியும்.

அந்த ஒரு லட்சம் பேரும் கட்சியை விட்டு ஓடியவர்கள் இல்லை. பேரம் பேச வந்தவர்கள். கேட்டது பெரிதாகவும் இல்லை: ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டு மேடையில் ஒரு பாலஸ்தீன அமெரிக்கரைச் சில நிமிடம் பேச விடுங்கள் என்றார்கள். ஜார்ஜியா சட்டமன்ற உறுப்பினர் ரூவா ரொம்மான், ஜனநாயகக் கட்சிக்காரர், அவர் பேச இருந்ததில் ஹாரிஸுக்கு ஆதரவும் இருந்தது. முடியாது என்றுவிட்டார்கள். பிரதிநிதிகள் அரங்குக்கு வெளியே இரவு முழுக்கத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பொறுத்தவரை அந்தத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி செய்த மிகப் பெரிய முட்டாள்தனம் அதுதான். இத்தனைக்கும் அது செலவில்லாத காரியம்.

அதற்குப் பிறகு செப்டம்பர் கடைசியில் லெபனானில் குண்டுமழை. தெற்கு லெபனான் என்றால் டியர்பார்னின் பாதி. காலையில் எழுந்து வாட்ஸ்அப் திறந்தால் தாத்தா கட்டிய வீடு இல்லை. இது நடப்பது ஓட்டுப்பதிவுக்கு ஐந்தாறு வாரம் முன்னால். அப்போது ஹாரிஸ் ஃப்ளின்ட்டில் சில அரபுத் தலைவர்களைச் சந்தித்தார் என்பது உண்மை. ஆனால் ஊர் கண்ணில் பட்டது ராயல் ஓக்கில் அவர் லிஸ் செனியோடு மேடையில் உட்கார்ந்தது. புஷ்ஷின் துணை ஜனாதிபதியாக ஈராக் போரை முன்னின்று நடத்திய டிக் செனியின் மகளோடு! ஈராக்கியர்கள் இருக்கிற மாவட்டத்துக்குப் பக்கத்தில்! யார் யோசனை அது என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். டிரம்ப் அனுப்பியது மசாத் பூலோஸை. லெபனானியக் கிறிஸ்தவர், அவருடைய மகன் டிரம்பின் மகள் டிஃபனியைக் கட்டியவர், அதாவது சம்பந்தி. மாதக்கணக்கில் இங்கே வீடு வீடாகக் காபி குடித்தார். லெபனானில் அரசியல் என்றாலே அதுதான். ஜனாதிபதி மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா என்று பங்கு பிரித்த நாடு, பெரிய மனிதர் வீட்டு ஆள் வந்து உட்கார்ந்து பேசினால் அதற்கு ஒரு மதிப்பு. அக்டோபர் 26ல் நோவாய் கூட்டத்தில் (நம்ம தமிழ் ஆட்கள் நிறைந்த ஊர்) இமாம்களை மேடையேற்றினார் டிரம்ப். நவம்பர் 1ல் டியர்பார்னிலேயே ஒரு உணவகத்துக்கு வந்தார். சமாதானம் கொண்டுவருவேன் என்றார். எப்படி என்று சொல்லவில்லை. வந்தாரே என்பதே போதுமாக இருந்தது பலருக்கு. இதற்கிடையில் ஃப்யூச்சர் கோயலிஷன் என்ற பெயரில் ஒரு அமைப்பு மிச்சிகன் அரபுப் பகுதிகளில் ஹாரிஸ் இஸ்ரேலுக்கு எவ்வளவு நெருக்கம் என்றும், பென்சில்வேனியாவில் யூதர்கள் வசிக்கும் பகுதிகளில் அவர் பாலஸ்தீன ஆதரவாளர் என்றும் விளம்பரம் போட்டது. இரண்டுமே ஒரே காசு. தெரிந்தவர்கள் சிரித்தார்கள்.

காஸா மட்டும்தான் காரணம் என்று சொன்னாலும் தப்பு. ஹாம்ட்ராமிக் என்று டெட்ராய்ட்டுக்குள்ளேயே ஒரு சின்ன ஊர், ஒரு காலத்தில் போலந்துக்காரர்களின் கோட்டை, இப்போது ஏமன்காரர்களும் வங்கதேசத்தவரும். 2015ல் அங்கே நகர மன்றத்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மை ஆனபோது லிபரல் நண்பர்கள் கொண்டாடினார்கள். 2021 தேர்தலுக்குப் பிறகு மன்றம் முழுவதுமே முஸ்லிம்கள், மேயர் ஆமிர் காலிப் ஏமன்காரர். 2023 ஜூனில் அந்த மன்றம் நகராட்சிக் கம்பங்களில் வானவில் கொடி ஏற்றக் கூடாது என்று தீர்மானம் போட்டது, அன்றோடு கொண்டாட்டம் முடிந்தது. 2024 செப்டம்பரில் காலிப் டிரம்புக்கு ஆதரவு அறிவித்தார். டியர்பார்னில் 2022ல் பள்ளி நூலகப் புத்தகங்களை வைத்துப் பெற்றோர்கள் போட்ட சண்டையும் இதே வகை. இந்த விஷயத்தில் எனக்கு அவர்களோடு ஒத்துப் போகவில்லை. நேற்று வரை நம்மை ஒதுக்கியவர்களின் வாதத்தையே எடுத்து இன்னொருத்தரை ஒதுக்குவது நல்ல வியாபாரம் இல்லை. ஆனால் குழந்தை என்ன படிக்கிறது என்று பயப்படும் ஏமன் தகப்பனைப் பார்த்து உனக்கு நாகரிகம் தெரியாது என்று சொல்லி ஓட்டு வாங்க முடியாது என்பதும் தெரியும். ஸ்டெர்லிங் ஹைட்ஸ் பக்கம் போனால் ஈராக்கிய கல்தேயக் கிறிஸ்தவர்கள், டெட்ராய்ட்டின் பார்ட்டி ஸ்டோர்கள் (மதுவும் மளிகையும் விற்கும் சின்னக் கடைகள்) பல அவர்களுடையவை, பலர் தங்களை அரபு என்றே சொல்லிக்கொள்வதில்லை. 2017ல் டிரம்ப் அரசு அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை நாடு கடத்தப் பிடித்துப் போனது. அப்படியும் அவர்களுடைய ஓட்டு பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்குத்தான்: வரி, கடை, தேவாலயம்.

அந்த நவம்பரில் டியர்பார்ன்காரர்கள் செய்த இன்னொரு காரியத்தை யாரும் பேசுவதில்லை. மேலே ஹாரிஸைத் தோற்கடித்த அதே சீட்டில், கீழே ஜனநாயகக் கட்சியின் காங்கிரஸ் வேட்பாளர் ரஷீதா த்லைப் என்பவரைப் பெரும்பான்மையோடு ஜெயிக்க வைத்தார்கள். ஹாரிஸை ஆதரிக்க மறுத்தவர் அவர். ஆத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு குத்தியவர்கள் இப்படிப் பிரித்துப் பார்த்துக் குத்துவார்களா?

நான் ஹாரிஸுக்குத்தான் போட்டேன், சந்தோஷமாக இல்லை. பள்ளிவாசல் கார் நிறுத்துமிடத்தில் ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) முடிந்து நான் அடிக்கடி வாக்குவாதம் செய்யும் ஒரு ஏமன் சகோதரர் உண்டு, இரண்டு பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறார், அவர் டிரம்ப். அவருடைய வாதம் எளிமையானது: எவ்வளவு அடித்தாலும் இவன் நமக்குத்தான் போடுவான், வேறு எங்கே போவான் என்று ஒரு கட்சி நினைக்க ஆரம்பித்துவிட்டால் அதன் பிறகு அந்தக் கட்சியிடம் எதையும் வாங்க முடியாது; ஒரு தடவை தோற்க வைத்தால்தான் அடுத்த தடவை கதவைத் தட்டுவான். தமிழ்நாட்டு அரசியல் பார்த்து வளர்ந்த எனக்கு இது புதிதா என்ன. 1996ல் பர்கூரில் முதலமைச்சரையே தோற்கடித்த ஜனங்கள் நாம். என் வாதம் ஒன்றுதான்: தண்டனை கொடுக்கலாம், ஆனால் தண்டனைக்கான செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டாமா?

அது விழுந்தது. 2025 பிப்ரவரி 4ல், பதவியேற்ற இரண்டே வாரத்தில், காஸா மக்களை வெளியேற்றிவிட்டு அமெரிக்கா அதை எடுத்துக்கொள்ளும், கடற்கரை உல்லாச ஊராக்கும் என்றார் டிரம்ப். "டிரம்புக்கான அரபு அமெரிக்கர்கள்" என்ற அமைப்பு பெயரில் இருந்த டிரம்பை எடுத்துவிட்டு "சமாதானத்துக்கான" என்று மாற்றிக்கொண்டது. மார்ச்சில் ஏமன் மீது குண்டு, அதே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகப் போராட்டத்தில் முன்னால் நின்ற மஹ்மூத் கலீல், கிரீன் கார்டு வைத்திருந்தும் கைதானார். ஜூனில் புதிய பயணத் தடை, பன்னிரண்டு நாடுகள், ஏமன் மறுபடியும் உள்ளே. அதே மாதம் ஈரான் மீது தாக்குதல். ஜும்ஆவுக்கு அப்புறம் நான் ஏமன் சகோதரரிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவருடைய தங்கை மகனின் விசா அப்போது பாதியில் நின்றிருந்தது. பிறகு அவரே ஆரம்பித்தார். ஏமன் மீது பைடனும்தான் 2024ல் குண்டு போட்டார், அதற்கு என்ன சொல்கிறாய் என்றார். அக்டோபரில் காஸாவில் போர்நிறுத்தம் வந்தபோது, பார்த்தாயா, வந்ததா இல்லையா என்று போன் பண்ணினார். நான் பயணத் தடையைச் சொன்னேன். அவர் பைடனைச் சொன்னார். இப்படியே போகும்.

தண்டனை கொடுத்த பிறகு யாராவது கதவைத் தட்டினார்களா என்றால், கட்சி தட்டவில்லை, ஒரு ஆள் தட்டினார். 2024 தேர்தல் முடிந்த சில நாளில் நியூயார்க்கில் ஒரு மாநில சட்டமன்ற உறுப்பினர் மைக்கை எடுத்துக்கொண்டு பிராங்க்ஸில் ஃபோர்டம் ரோடிலும் குயின்ஸில் ஹில்சைட் அவென்யூவிலும் நின்று, நீங்கள் ஏன் டிரம்புக்குப் போட்டீர்கள், ஏன் போடவே இல்லை என்று போகிறவர் வருகிறவரைக் கேட்டு வீடியோ எடுத்தார். வாதம் பண்ணவில்லை, கேட்டுக்கொண்டே நின்றார். வாடகை, மளிகை விலை, காஸா என்று ஜனங்கள் சொன்னார்கள். அப்புறம் தெருவோர ஹலால் சாப்பாட்டு வண்டிக்காரர்களிடம் போய், ஒரு தட்டு சோறு எட்டு டாலரிலிருந்து பத்து டாலர் ஆனது ஏன் என்று கேட்டு இன்னொரு வீடியோ போட்டார். ஸோஹ்ரான் மம்தானி. 2025 நவம்பரில் அந்த நகரத்தின் மேயர் தேர்தலில் ஜெயித்தார். பத்து லட்சத்துக்கு மேல் ஓட்டு. அவருக்கு எதிராக செப்டம்பர் 11ஐ இழுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. அதே நாளில் வர்ஜீனியாவில் ஹைதராபாத்தில் பிறந்த கஸாலா ஹாஷ்மி துணை ஆளுநராக ஜெயித்தார்.

இங்கே மிச்சிகனில் 2026 ஆகஸ்டில் செனட்டுக்கான பிரைமரி. எகிப்து வம்சாவளி டாக்டர் அப்துல் அல்-சயீத் ஜனநாயகக் கட்சிப் போட்டியில் இறங்கினார், 2018ல் ஆளுநர் பிரைமரியில் விட்மரிடம் தோற்றவர். நம்ம ஏமன் சகோதரர் அவருக்கு நன்கொடை கொடுத்துவிட்டு என்னிடமும் கேட்டார். அப்படியானால் நவம்பரில் ஜனநாயகக் கட்சிதானே என்றேன். இல்லை, அல்-சயீத் பிரைமரியில் ஜெயித்தால்தான் என்றார். தோற்றால்? இன்னொருத்தர் வந்து ஓட்டுக் கேட்கட்டும், கேட்கும்போது காஸா பற்றி என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றார். நான் காசு கொடுத்தேன். ரசீது இன்னும் வரவில்லை, இமெயிலில் கேட்க வேண்டும்.